மொய்க்கு மொய், லிங்குக்கு லிங்க்

'நீ எனக்குப் போடு, நான் உனக்குப் போடுகிறேன்' என்று வலைத்தளங்கள் மாற்றிக்கொள்ளும் இணைப்புகள் கூகுளில் மேலே ஏற்றுமா, கீழே தள்ளுமா?

2013 டிசம்பர் 25. அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் விடுமுறை. அன்று கூகுளில் 'ராப் ஜீனியஸ்' என்று தேடியவர்களுக்கு அந்தப் பெயருள்ள தளமே முதல் பக்கத்தில் அகப்படவில்லை. பாடல் வரிகளைப் போட்டு, வரிக்கு வரி விளக்கம் எழுதும் தளம் அது. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஆண்ட்ரீசன் ஹோரோவிட்ஸ் என்ற முதலீட்டு நிறுவனம் ஒன்றரைக் கோடி டாலரை அதில் போட்டிருந்தது. பாட்டு வரி தேடுகிறவர்கள் தளத்தின் பெயரை நினைவில் வைத்துக்கொண்டு வருவது அபூர்வம். கூகுளில் இரண்டு சொல் அடித்து, முதலில் கண்ணில் படுவதைத் திறப்பார்கள். அந்த வாசல் ஒரே நாளில் அடைபட்டது.

காரணம் ஒரு மின்னஞ்சல். வலைப்பதிவு எழுதுகிறவர்கள் தங்களோடு சேர்ந்துகொள்ளலாம் என்று ராப் ஜீனியஸ் ஓர் அழைப்பு விடுத்திருந்தது. ஆர்வத்தில் ஒருவர் விவரம் கேட்டு எழுதினார். வந்த பதில் இதுதான்: உங்கள் பதிவின் அடியில் நாங்கள் தரும் லிங்குகளை ஒட்டுங்கள், உங்கள் பதிவை எங்கள் ட்விட்டர் கணக்கில் பகிர்ந்து ஆட்களை அனுப்புகிறோம். ஒட்டச் சொன்ன லிங்குகள் எல்லாம் ஜஸ்டின் பீபரின் புதுப் பாடல்களுக்கானவை. பதிவு எதைப் பற்றியதாக இருந்தாலும் பரவாயில்லையாம். கேட்டவர் அந்த மின்னஞ்சலை அப்படியே ஊரறிய வெளியிட்டார். இரண்டே நாளில் கூகுள் தண்டித்துவிட்டது.

மீண்டு வரப் பத்து நாள் ஆனது. வெளியிலிருந்து தங்களைச் சுட்டும் 1 லட்சத்து 77 ஆயிரத்துக்கும் மேற்பட்ட முகவரிகளைத் திரட்டி, அவற்றில் எது தானாக வந்தது, எது கேட்டு வாங்கியது என்று சலித்தெடுக்க அந்தத் தளத்தின் பொறியாளர்கள் தனியாக நிரல் எழுத வேண்டியிருந்தது. 2014 ஜனவரி 4 அன்றுதான் தளம் மறுபடி தேடலில் தலைகாட்டியது.

பொறியாளர்கள் இருந்தார்கள், எழுந்துகொண்டார்கள். நம் ஊரில் மஞ்சள் விற்கிறவர், புடவை விற்கிறவர், சின்ன விடுதி நடத்துகிறவர் தளத்துக்கு இது நேர்ந்தால் யார் சலித்தெடுப்பது? இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்தக் கேள்விதான். ஏனென்றால் ஒரு தளம் வைத்திருக்கும் யாருக்கும் வாரம் ஒரு மின்னஞ்சலாவது வருகிறது: 'உங்கள் தளம் அருமை. எங்களுக்கு ஒரு லிங்க் கொடுங்கள், நாங்களும் கொடுக்கிறோம். இருவருக்கும் ரேங்க் ஏறும்.'

ஏறுமா?

ஒரு காலத்தில் ஏறியது

முதலில் நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். லிங்க் மாற்றிக்கொள்வது கூகுளை ஏமாற்றப் பிறந்த பழக்கம் இல்லை. கூகுள் பிறப்பதற்கு முன்பே அது இருந்தது. 1995-ல் சேஜ் வைல் என்பவர் உருவாக்கிய 'வெப்ரிங்' முறையில், ஒரே விஷயத்தில் ஆர்வமுள்ள தளங்கள் வளையமாகக் கைகோத்துக்கொண்டன. ஒரு தளத்தைப் படித்து முடித்தவர் 'அடுத்தது' என்ற பொத்தானை அமுக்கினால் வளையத்தின் அடுத்த தளத்துக்குப் போவார். தேடுபொறிகள் தடுமாறிக்கொண்டிருந்த காலத்தில் வாசகருக்கு அது பேருதவி. அன்று லிங்க் என்பது ஒருவர் இன்னொருவருக்குக் காட்டும் வழி, அவ்வளவுதான்.

அந்த வழிகாட்டலை ஓட்டாக எண்ணலாம் என்று கண்டுபிடித்தவர்கள் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களான லாரி பேஜும் செர்கேய் பிரினும். ஆய்வுக் கட்டுரைகளின் உலகில் அந்த யோசனை ஏற்கெனவே உண்டு. ஒரு கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதை வைத்து அதன் செல்வாக்கை அளக்கலாம் என்று 1960-களிலேயே மேற்கோள் அட்டவணை போட்டவர் யூஜின் கார்ஃபீல்டு. பேஜும் பிரினும் அதில் ஒரு படி கூட்டினார்கள். எத்தனை பேர் சுட்டுகிறார்கள் என்பதோடு, சுட்டுகிறவர் யார் என்பதும் கணக்கில் வந்தது. பெரிய மனிதர் ஒருவர் சொல்லும் ஒரு வார்த்தைக்கு எடை அதிகம். ஆனால் அவரே நூறு பேரைப் பரிந்துரைத்தால் அந்த எடை நூறாகப் பங்கு போகும். இந்தக் கணக்குக்குப் பெயர் 'பேஜ்ரேங்க்'. 1998 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் நடந்த இணைய மாநாட்டில் அவர்களின் கட்டுரை இடம்பெற்றது. அதே ஆண்டு செப்டம்பரில் கூகுள் நிறுவனமாகப் பதிவானது.

லிங்க் பரிமாற்றம் ஏன் அப்படித் தீயாகப் பரவியது என்பதற்கான விடை அந்தக் கட்டுரையின் சூத்திரத்திலேயே ஒளிந்திருக்கிறது. பள்ளிக் கணக்குதான், பொறுமையாகப் பாருங்கள்.

யாருமே சுட்டாத ஒரு பக்கத்துக்கும் அடிப்படை மதிப்பாக 0.15 உண்டு. பிற பக்கங்கள் சுட்டினால், அவை தரும் பங்கில் 85 சதவீதம் இதோடு சேரும். இப்போது உலகத்தோடு ஒட்டுறவே இல்லாத இரண்டு பக்கங்களை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு 0.15. இரண்டும் ஒன்றையொன்று மட்டும் சுட்டிக்கொள்கின்றன. முதல் பக்கத்தின் மதிப்பு இரண்டாவதை ஏற்றுகிறது. ஏறிய இரண்டாவது திரும்ப முதலாவதை ஏற்றுகிறது. இப்படியே சுற்றிச் சுற்றி இரண்டும் 1 என்ற மதிப்பில் போய் நிற்கும். 0.15-ல் இருந்தது 1 ஆகிவிட்டது. ஆறரை மடங்குக்கு மேல்! வெளியாள் ஒருவர்கூட இவர்களைப் பாராட்டவில்லை. இருவரும் ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொண்டார்கள், அவ்வளவே.

2000 டிசம்பரில் கூகுள் தன் டூல்பாரை வெளியிட்டது. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அதன் பேஜ்ரேங்க் பூஜ்யம் முதல் 10 வரை ஒரு பச்சைக் கோட்டில் தெரிந்தது. பேஜ்ரேங்குக்குச் சந்தை விலை உண்டானது அந்தப் பச்சைக் கோட்டால்தான் என்பது என் கருத்து. அதுவரை கண்ணுக்குத் தெரியாமல் இருந்த மதிப்பு அன்றிலிருந்து எண்ணாகிவிட்டது. 'ஆறு வைத்திருக்கிறேன், நீ ஐந்துதானே, இரண்டு லிங்க் போடு' என்று பேரம் பேச முடிந்தது. தளங்களின் அடியில் 'லிங்க் பார்ட்னர்ஸ்' பக்கங்கள் காளான்போல முளைத்தன. பரிமாற்றத்தைத் தானாகவே செய்துகொடுக்கும் மென்பொருள்களும் விற்பனைக்கு வந்தன.

நோட்டைப் படிக்கத் தெரிந்த நாள்

புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களின் ஊர்ப்புறங்களில் ஆடி மாதம் மொய் விருந்து நடக்கும். கறிச்சோறு போட்டு, மேசை போட்டு, பெயரும் தொகையும் நோட்டில் எழுதி வாங்குவார்கள். யாரும் அதை மறைப்பதில்லை. எழுதியவருக்கு ஒருநாள் திருப்பிச் செய்தாக வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். நல்ல ஏற்பாடு, பலருக்குக் கைகொடுத்த ஏற்பாடு. ஆனால் அந்த நோட்டை வெளியூர்க்காரர் ஒருவரிடம் கொடுத்து, 'இந்த ஊரில் யாருக்கு மதிப்பு அதிகம், பார்த்துச் சொல்லுங்கள்' என்றால் அவர் ஏமாந்துபோவார். ஆயிரம் பேர் எழுதியிருந்தால், ஆயிரம் பேருக்கு இவர் எழுதியிருக்கிறார் என்றும் பொருள்.

தொடக்க கால கூகுள் அந்த வெளியூர்க்காரர். வரவை மட்டும் கூட்டியது, செய்முறையைக் கழிக்கவில்லை.

கழிக்க வேண்டும் என்ற யோசனையை முன்வைத்தவர்களில் நம் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த கிருஷ்ண பரத் ஒருவர். பின்னாளில் 'கூகுள் நியூஸ்' சேவையை உருவாக்கியவர் இவர்தான். ஜார்ஜ் மிஹைலா என்பவரோடு சேர்ந்து இவர் வடிவமைத்த 'ஹில்டாப்' என்ற முறையில், ஒரு துறையில் விவரம் தெரிந்த, ஒருவரோடொருவர் தொடர்பில்லாத தளங்களின் சாட்சிக்கே மதிப்பு. இரண்டு தளங்கள் உறவுக்காரர்களா என்று கண்டுபிடிக்க அவர்கள் வைத்த சோதனை எளிமையானது: இரண்டின் ஐ.பி. முகவரியில் முதல் மூன்று பகுதிகள் ஒன்றாக இருந்தால் ஒரே வீட்டுப் பிள்ளைகள், சாட்சி ஒன்றாகத்தான் எண்ணப்படும். 2003-ல் அந்த முறை கூகுள் வசம் வந்தது. நீதிமன்றத்தில் சொந்தக்காரர் சாட்சியை வக்கீல் எப்படிக் குடைவாரோ, அந்தக் குடைச்சல் தேடலுக்குள் வந்தது இந்தக் காலகட்டத்தில்தான்.

இடையில் ஒரு வழக்கும் நடந்தது. அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் 'சர்ச்கிங்' என்ற நிறுவனம் பேஜ்ரேங்க் உயர்ந்த தளங்களில் லிங்க் விளம்பரம் பிடித்துக்கொடுக்கும் தொழிலைத் தொடங்கியது. 2002-ல் அதன் பேஜ்ரேங்க் மளமளவென்று சரிந்தது. நிறுவனம் கூகுள் மீது வழக்குப் போட்டது. 2003-ல் தள்ளுபடி. ஒரு தளத்துக்கு கூகுள் தரும் மதிப்பெண் அதன் கருத்து. கருத்துச் சொல்லும் உரிமை அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்தில் அடங்கும் என்றது நீதிமன்றம். ரேங்க் போனால் நியாயம் கேட்டு நிற்க இடம் எவ்வளவு குறைவு என்பது அன்றே தெரிந்துவிட்டது.

2005 அக்டோபரில் தொடங்கிய 'ஜாகர்', அதையடுத்து 2006 தொடக்கத்தில் வந்த 'பிக்டாடி' மாற்றங்கள் லிங்க் பரிமாற்றத்தின் பொற்காலத்தை முடித்துவைத்தன. பல தளங்களின் பக்கங்கள் கூகுளின் பட்டியலிலிருந்தே காணாமல் போயின. அப்போது கூகுளில் தேடல் மோசடிகளைக் கண்காணித்துவந்த மாட் கட்ஸ், 2006 மே மாதம் காரணத்தை வெளிப்படையாக எழுதினார். அளவுக்கு மீறி மாற்றிக்கொண்ட லிங்குகள், மோசமான தளங்களைச் சுட்டும் லிங்குகள். சம்பந்தமே இல்லாமல் ரிங்டோனுக்கும் ஒமேகா-3 மீன் எண்ணெய்க்கும் சுட்டும் லிங்குகளைக்கூட அவர் எடுத்துக்காட்டினார். ஒரு தளம் யாரைச் சுட்டுகிறது என்பதும் அதன் நம்பகத்தைத் தீர்மானிக்கும் என்பதை அந்தக் குறிப்பு உணர்த்தியது. சேர்க்கை சரியில்லை என்றால் பெயர் கெடும் என்று வீட்டில் சொல்வார்களே, அதே விஷயம்.

மாற்றிக்கொள்வது அடிபட்டதும் வேடங்கள் மாறின. நேருக்கு நேர் மாற்றினால் தெரிகிறது என்று மூன்று பேராகச் சேர்ந்து, முதலாமவர் இரண்டாமவருக்கு, இரண்டாமவர் மூன்றாமவருக்கு, அவர் முதலாமவருக்கு என்று சுற்றிவிட்டார்கள். சரக்குக்கு லிங்க், தள்ளுபடிக்கு லிங்க் என்று பண்டமாற்றாகவும் நடந்தது. 'ஓவர்ஸ்டாக்' என்ற அமெரிக்க இணையக் கடை, கல்லூரி மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் 10 சதவீதத் தள்ளுபடி கொடுத்து, கல்லூரித் தளங்களிலிருந்து லிங்க் வாங்கியது. 2011 பிப்ரவரியில் தண்டனை, மீள இரண்டு மாதம் ஆயிற்று. பிரிட்டனின் 'இன்டர்ஃப்ளோரா' பூக்கடை செய்தி போலத் தோற்றமளிக்கும் விளம்பரங்களைப் பத்திரிகைத் தளங்களில் போட்டு லிங்க் சேர்த்தது. 2013 பிப்ரவரியில் அதன் சொந்தப் பெயரைத் தேடினாலே அதன் தளம் வராமல் பதினோரு நாள் தவித்தது. தன்னைத்தானே தண்டித்துக்கொள்ளவும் கூகுள் தயங்கவில்லை. காசு கொடுத்து எழுதவைத்த பதிவில் ஒரு லிங்க் இருந்ததற்காக 2012 ஜனவரியில் தன் குரோம் உலாவியின் பக்கத்தையே 60 நாள் கீழே இறக்கியது.

இவற்றிலெல்லாம் மிகப் பெரிய வீழ்ச்சி ஜே.சி.பென்னியுடையது. நூறாண்டு கடந்த அமெரிக்கத் துணிக்கடைச் சங்கிலி அது. ஆடை, படுக்கை விரிப்பு, அறைகலன், தரைவிரிப்பு எதைத் தேடினாலும் 2010-ன் பண்டிகைக் காலம் முழுக்க அதுவே முதலிடத்தில் நின்றது. சந்தேகப்பட்ட நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் வல்லுநர் ஒருவரைக் கொண்டு துருவியபோது, சம்பந்தமே இல்லாத 2,015 பக்கங்களில் பென்னிக்கான லிங்குகள் கிடந்தன. 2011 பிப்ரவரி 1 அன்று 59 தேடல் சொற்களில் பென்னியின் சராசரி இடம் 1.3. பிப்ரவரி 8-ல் 4. பிப்ரவரி 10-ல் 52. தங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்லி, தேடல் வேலையைச் செய்துவந்த ஆலோசனை நிறுவனத்தை பென்னி நீக்கியது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே தன் பெயரில் எங்கெங்கே லிங்க் தொங்குகிறது என்று தெரியவில்லை என்றால், ஒற்றை ஆளாகக் கடை நடத்துகிறவருக்கு எப்படித் தெரியும்?

2012 ஏப்ரல் 24 அன்று வந்த 'பெங்குவின்' மாற்றம் இந்த வேட்டையை இயந்திரமயமாக்கியது. ஆங்கிலத் தேடல்களில் 3.1 சதவீதம் அதனால் மாறின. வாங்கிய லிங்குகளை வைத்து நின்ற தளங்கள் சரிந்தன. அடுத்த முறை கூகுள் அந்தச் சல்லடையைப் புதுப்பிக்கும்வரை மாதக்கணக்கில் எழ முடியவில்லை. அதே ஆண்டு அக்டோபரில், 'இந்த லிங்குகளுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை' என்று கைகழுவும் கருவியை கூகுள் தந்தது.

இன்றைய நிலை

2016 செப்டம்பரில் பெங்குவினின் நான்காம் பதிப்பு வந்தபோது ஒரு முக்கியமான திருப்பம் நடந்தது. லிங்க் விற்கிறவர்கள் பலர் இதை வாடிக்கையாளருக்குச் சொல்வதில்லை. அதுவரை கள்ள லிங்க் இருந்தால் தளத்தைக் கீழே இறக்கிய கூகுள், அன்று முதல் பெரும்பாலும் அந்த லிங்கையே செல்லாததாக்கிவிடுகிறது. 2022 டிசம்பர் முதல் 'ஸ்பாம்பிரெயின்' என்ற செயற்கை நுண்ணறிவு முறையும் லிங்குகளை இப்படிச் சலிக்கிறது. விற்கிற தளம் எது, அதற்காகவே வாங்குகிற தளம் எது என்று அது கண்டுபிடிக்கிறது.

ஆகவே 'உதவுமா, கெடுக்குமா' என்ற கேள்விக்கு இன்றைய நேர்மையான பதில், ரேங்குக்காக மாற்றிக்கொண்ட லிங்குகளில் பெரும்பாலானவை இரண்டும் செய்வதில்லை என்பதுதான். எண்ணப்படாமல் கிடக்கின்றன. கொடுத்த பணமும் நேரமும் போனதுதான் மிச்சம். அளவு மீறிப் போனால், கூகுளின் ஆள் ஒருவரே பார்த்து 'கைமுறை நடவடிக்கை' எடுக்கும் ஆபத்து எப்போதும் உண்டு. அது வந்தால் தளம் மீள்வதற்கு ஒவ்வொரு லிங்காகக் களைந்து, மன்னிப்பு மனு எழுதிக் காத்திருக்க வேண்டும்.

ரஷ்யாவின் யாண்டெக்ஸ் தேடுபொறி இதில் ஒரு துணிச்சலான சோதனையே செய்து பார்த்தது. 2014-ல் மாஸ்கோ வட்டார வணிகத் தேடல்களில் லிங்குகளைக் கணக்கில் எடுப்பதையே நிறுத்தியது. பிறகும் தளங்கள் லிங்க் வாங்குவதை விடவில்லை. அடுத்த ஆண்டு லிங்கைத் திரும்பக் கொண்டுவந்தது. கூடவே, காசுக்கு லிங்க் வாங்கும் தளங்களைத் தண்டிக்கும் 'மினுசின்ஸ்க்' முறையையும் கொண்டுவந்தது. பழக்கத்தின் பிடி எவ்வளவு இறுக்கம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அப்படியானால் யாருமே யாருக்கும் லிங்க் கொடுக்கக் கூடாதா? அப்படிப் பயந்து, வெளித்தளம் எதையும் சுட்டாமல் இறுக மூடிக்கொண்ட தளங்களையும் பார்க்கிறேன். அது தவறு. கூகுளின் விதியில் உள்ள சொல்லைக் கவனிக்க வேண்டும். அது தடுப்பது 'அளவுக்கு மீறிய' பரிமாற்றத்தையும், மாற்றிக்கொள்வதற்காகவே உருவாக்கிய கூட்டாளிப் பக்கங்களையும். ஏஹெச்ரெஃப்ஸ் என்ற நிறுவனம் சுமார் 1.4 லட்சம் தளங்களை ஆராய்ந்தபோது அவற்றில் ஏறத்தாழ முக்கால்வாசித் தளங்களில் பரஸ்பர லிங்க் இருந்தது. ஒரே துறையில் புழங்குகிறவர்கள் ஒருவரையொருவர் சுட்டுவது இயல்பு. அதற்கெல்லாம் தண்டனை என்றால் இணையத்தில் யாரும் மிஞ்ச மாட்டார்கள். லிங்கின் எடையும் முன்பு போல் இல்லை. தரவரிசையைத் தீர்மானிக்கும் முதல் மூன்று காரணங்களில் லிங்க் இப்போது இல்லை என்று 2023-ல் கூகுளின் கேரி இலியெஸ் பொது மேடையிலேயே சொன்னார்.

பவானியில் ஒரு பிற்பகல்

எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் பவானியில் ஜமக்காள வியாபாரம் செய்கிறார். புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. தாத்தா காலத்திலிருந்து தறி உள்ள குடும்பம். சில மாதங்களுக்கு முன் கடைக்குப் போயிருந்தபோது மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார்.

"மாசம் எட்டாயிரம் குடுத்துட்டிருக்கறனுங்கண்ணா. இருநூறு பேக்லிங்க் வந்துருச்சுன்னு ரிப்போர்ட் அனுப்பறாங்க. ஆனா ஒரு போனும் வர்றதில்லீங்க."

அறிக்கையைப் பார்த்தேன். எக்ஸெல் தாள். தேதி, முகவரி, 'டி.ஏ.' என்று மூன்று பத்திகள். 'டி.ஏ.' என்பது டொமைன் அத்தாரிட்டி. மோஸ் என்ற தனியார் நிறுவனம் தன் கணக்கில் போடும் மதிப்பெண். கூகுளுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் அந்தப் பத்தியில் 40, 52, 61 என்று எண்கள் வரிசையாக நிற்கும்போது ஏதோ பெரிய வேலை நடந்துவிட்டதாகத்தான் தோன்றும்.

பிறகு அவருடைய தளத்தின் அடிக்குப் போனேன். சாம்பல் நிறத்தில், கண்ணுக்குப் படாத எழுத்தில், 'பார்ட்னர்ஸ்' என்று ஒரு சொல். திறந்தால் 143 லிங்குகள். துபாயில் வீட்டுச் சாமான் மாற்றுகிறவர்கள். நொய்டாவில் கல்யாணப் போட்டோ எடுக்கிறவர். தாய்லாந்தில் பல் கட்டும் மருத்துவமனை. கொதிகலன் உதிரி பாகம். ஆன்லைன் ரம்மி.

"இதெல்லாம் என்னங்கண்ணா? நம்ம சைட்டுலயா இருக்குது?" என்றார் தம்பி. அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அவருக்கு 200 லிங்க் வாங்க, அவர் தளத்திலிருந்து 143 லிங்க் மொய் எழுதியிருக்கிறார்கள், அவரைக் கேட்காமலே. அவர் முகம் சுருங்கியதை என்னால் மறக்க முடியவில்லை. சூதாட்டத்துக்கு வழிகாட்டும் பலகை தாத்தா பெயரில் உள்ள கடையில் தொங்கியிருக்கிறது.

பழைய பேஜ்ரேங்க் சூத்திரப்படியே பார்த்தாலும் இது வீண். மதிப்பு 1 உள்ள ஒரு பக்கம் 143 பேருக்குப் பிரித்துக் கொடுத்தால், தலைக்கு 0.006 கூடத் தேறாது. இவருக்கு லிங்க் கொடுத்த பக்கங்களும் இதே மாதிரி நூறு, இருநூறு பேரைச் சுமப்பவைதான்.

பேசிக்கொண்டிருந்தபோது சுவரில் ஒரு புகைப்படம் கண்ணில் பட்டது. பெரிய கூடம், வரிசையாகச் சிவப்பும் பச்சையுமாக ஜமக்காளம், அதன்மேல் பிள்ளைகள் யோகாசனம் செய்கிறார்கள். கோவைப் பக்கம் ஒரு யோகா பள்ளியாம். நூறு விரிப்பு மொத்தமாக வாங்கினார்களாம்.

"இந்தப் படம் உங்க சைட்ல இருக்கா தம்பி?"

"இல்லீங்கண்ணா. போடணும்னு தோணலீங்க."

அந்தப் பள்ளிக்கும் தளம் உண்டு. அவர்கள் கூடத்தைப் பற்றிய பக்கத்தில் 'பவானியில் கைத்தறியில் நெய்த விரிப்பு' என்று எழுதி இவரைச் சுட்டலாம். இவர் அந்தப் படத்தைப் போட்டு, எந்த அளவு, எத்தனை எடை, துவைத்தால் சாயம் போகுமா என்று எழுதி அவர்களைச் சுட்டலாம். வடிவத்தில் இதுவும் லிங்குக்கு லிங்க்தான். ஆனால் அங்கே யோகா செய்கிறவர் இந்த லிங்கைச் சொடுக்குவார்; விரிப்பு வாங்க வருகிறவர் அந்தப் படத்தை நம்புவார். தேடுபொறி என்ற ஒன்றே இல்லாவிட்டாலும் இருவரும் இதைப் போட்டிருப்பார்கள். ஒரு லிங்கை உரசிப் பார்க்க எனக்குத் தெரிந்த உரைகல் இது ஒன்றே.

காசு வாங்கிக்கொண்டோ, சரக்கு வாங்கிக்கொண்டோ லிங்க் போட வேண்டி வந்தாலும் நேர்வழி இருக்கிறது. அந்த லிங்கில் 'ஸ்பான்சர்ட்' அல்லது 'நோஃபாலோ' என்ற குறிப்பைச் சேர்க்கச் சொல்லுங்கள். 2005-ல் கூகுள், யாகூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து ஏற்றுக்கொண்டது 'நோஃபாலோ'. 2019-ல் கூகுள் சேர்த்தது 'ஸ்பான்சர்ட்'. வாசகர் சொடுக்கிப் போகலாம். ஓட்டாக எண்ண வேண்டாம் என்று தேடுபொறிக்குச் சொல்லிவிடும் குறிப்பு அது.

தம்பி அன்று மாலையே அந்தப் பக்கத்தை எடுக்கச் சொல்லிவிட்டார். மாதம் எட்டாயிரமும் நின்றது. அந்தப் பணத்தில் தறி ஓடுவதையும் நூலுக்குச் சாயம் ஏற்றுவதையும் படமெடுத்துப் போடப்போவதாகச் சொல்லியிருக்கிறார்.

இதைப் படிக்கிற உங்களிடமும் தளம் இருந்தால், இன்றைக்கே ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். தளத்தின் அடிவரை இறங்கிப் பாருங்கள். பார்ட்னர்ஸ், ரிசோர்சஸ், யூஸ்ஃபுல் லிங்க்ஸ் என்று நீங்கள் போடாத பக்கம் எதுவும் இருக்கிறதா என்று தேடுங்கள். கூகுளின் 'சர்ச் கன்சோல்' இலவசம். அதன் கணக்கு உங்கள் பெயரில் இருக்க வேண்டும், தளம் செய்துகொடுத்தவர் பெயரில் அல்ல. இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். உங்களைச் சுட்டும் தளங்களின் பட்டியல் அதில் தெரியும். 'மேனுவல் ஆக்‌ஷன்ஸ்' என்ற பகுதியில் பச்சை நிற டிக் இருந்தால் கவலையில்லை. மாதம் இத்தனை லிங்க் வாங்கித் தருகிறேன் என்று யாராவது விலை சொன்னால், தயவுசெய்து அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.